பட்டு நூலில் அளந்த அடுப்படி

என் மனைவிக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த நேரத்தில்தான் மகன், வீட்டை இடித்துக் கட்டலாம் என்றான்.

கண் போவது முதலில் தறியில் தெரிந்தது. கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். சேலையின் உடலுக்கு ஊடுநூல் ஓட்டுகிற நாடாவை நான் விடுவேன். வலது கரைக்குத் தனி நாடா. அதை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து விடுவாள். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான். அவள் கை நாடாவைத் தேடியதே இல்லை. ஒருநாள் தேடியது. துழாவியது. நான் தறியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருமுக்கூடல் கோயிலுக்குப் போகிறோம் என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாடையை ஒரு மெஷினில் வைக்கச் சொன்னார்கள். பச்சை வெளிச்சம் காட்டினார்கள். கண்ணில் நீர் அழுத்தம், ஓரப் பார்வை போய்விட்டது என்றார் டாக்டர். போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டால் மிச்சம் நிற்கும். எவ்வளவு நாள் நிற்கும் என்று அவர் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"எப்பிடித் தெரியுது உனக்கு?"

"நூல் சுத்தற குழலு வழியா பாக்கற மாதிரி. நேரா இருக்கறது தெரியுது. பக்கத்துல ஒண்ணியும் இல்ல."

பிறகு அவளே சொன்னாள். "பையன்கிட்ட சொல்லாதீங்க."

"ஏன்?"

"சொன்னா அடுப்புகிட்ட விடமாட்டான். உக்கார வெச்சி சோறு போடுவான். அப்புறம் நான் இன்னா பண்றது, செவுத்தையா பாத்துக்கினு இருக்கறது? அதையும் முழுசா பாக்க முடியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். கோர்வைச் சேலை நெய்வதை விட்டேன். கை வலி என்று முதலாளியிடம் சொல்லி, ஒரு ஆள் நெய்கிற சேலைக்குப் பாவு நூல் வாங்கிக்கொண்டேன். மகன் எதையும் கவனிக்கவில்லை. ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. விடிந்தால் கம்பெனி பஸ், இருட்டினால் வீடு.

அவன் கவனிக்காததற்கு இன்னொரு காரணம் அடுப்படி. அங்கே அவளுக்குக் கண் தேவைப்படவில்லை. எங்கள் பழைய அடுப்படி குறுகல். முன்னால் அடுப்பு மேடை. பின்னால் தொட்டி மேடை. நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். சோற்றுப் பானையை இறக்கி அப்படியே திரும்பினால் கஞ்சி வடிக்கிற இடம். கால் எடுத்து வைக்க வேண்டாம். உப்பு வலது கை நீட்டினால். புளி அதற்கு மேலே. கடுகு டப்பா எது என்று கைக்குத் தெரியும். நான் வாசலில் நின்று பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டே தாளித்தாள் ஒருநாள். பழகிக்கொள்கிறாள் என்று புரிந்தது. நான் வந்தது தெரிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

மகனுக்கு வைகாசி மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. அதற்குள் வீடு. யோசனை கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். இன்ஜினியர் ஒரு சின்னப் பொண்ணு. மகனுக்குத் தெரிந்தவர்கள் அனுப்பியது. என் மனைவியின் அண்ணன், என் மச்சான், கூப்பிடாமலே வந்திருந்தார். வாஸ்து தெரியும் என்பார். அந்தப் பொண்ணு காகிதத்தை விரித்தாள். அது சுருண்டது. நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தோம்.

"அங்கிள், கிச்சன ஓபனா வெச்சிடலாம். ஹாலுக்கும் அதுக்கும் நடுவுல சுவர் வேணாம்," என்றாள்.

"செவுரு இல்லாத அடுப்படியா?" என்றார் மச்சான். "வர்றவன் போறவன்லாம் கொழம்புல கண்ணு வெப்பானேம்மா."

"இப்போ எல்லாரும் அப்படித்தான் கட்டறாங்க சார்."

"தாளிச்சா எண்ணெய்ப் புகை தறிக்கு வரும்," என்றேன். "பட்டுல பட்டா போச்சு."

மகன் என்னைப் பார்த்தான். அதில் ஞாயம் இருந்தது. "சரி, செவுரு இருக்கட்டும்," என்றான். செல்போனை எடுத்து அம்மாவிடம் நீட்டினான். "ம்மா, இத்த பாரேன். நடுவுல ஒரு மேடை. சுத்தி வந்து வேல செய்யலாம். மேல ஃபுல்லா கப்போர்டு. கருப்பு கிரானைட்டு. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும்."

அவள் செல்போனை வாங்கிக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள். நடுவில் மேடை என்றால் நாலு பக்கமும் முனை. இடுப்பில் இடிக்கும். மேலே கதவு திறந்திருந்தால் நெற்றியில் இடிக்கும். கருப்புக் கல்லில் கருப்பு வாணலி வைத்தால் அவளுக்கு வாணலியே இல்லை.

"நல்லாத்தான்டா இருக்குது," என்றாள். "ஆனா எனக்கு இருக்கறதே போதும். பழைய மாதிரியே கட்டுங்க."

"பழைய மாதிரியா? ஒரு ஆளு நின்னா இன்னொரு ஆளு போவ முடியாதும்மா அதுல."

"போவாத. வெளியவே நில்லு."

மச்சான் கையை ஓங்கித் தொடையில் தட்டினார். "பழைய மாதிரிங்கற பேச்சே கூடாது. அடுப்பு தென்கிழக்குல இருக்கணும். கிழக்கப் பாத்து சமைக்கணும். இங்க வடக்கப் பாத்து சமைக்கறா. அதான் இந்த வீட்ல ஒண்ணும் வெளங்கல."

"வடக்கப் பாத்து சமைச்சதத்தான் நீ தீவாளிக்குத் தீவாளி வந்து ரெண்டு தடவ வாங்கி சாப்டறண்ணா," என்றாள் அவள்.

அந்தப் பொண்ணு சிரித்துவிட்டாள். மச்சான் சிரிக்கவில்லை. மகனும் சிரிக்கவில்லை. அவன் முகம் இறுகிவிட்டது.

"யாருக்காகக் கட்டறேன்?" என்றான். "அந்த சந்துல நின்னு நின்னு அம்மா இடுப்பு போச்சுன்னுதான கட்டறேன். எதச் சொன்னாலும் பழசு பழசுன்னா நான் எதுக்கு இடிக்கணும்?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அவள் தரையைப் பார்த்தாள். நான் அப்போது வாயைத் திறந்தேன். நான் பேசுவது கொஞ்சம். அதனால் பேசினால் கேட்பார்கள்.

"அடுப்படி பழைய எடத்துல, பழைய அளவுல. மத்தது எல்லாம் உன் இஷ்டம்."

"காரணம் சொல்லுங்கப்பா."

"காரணம் இல்ல."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அந்தப் பொண்ணு போகவில்லை. "ஆன்ட்டி, ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றாள். என் மனைவி டீ போடுவதைப் பார்த்தாள். டேப்பை எடுத்துச் சுவருக்குச் சுவர் அளந்து எழுதினாள். என் மனைவி டம்ளரில் டீ ஊற்றும்போது ஆள்காட்டி விரலை உள்பக்கம் மடக்கி விளிம்பில் வைத்திருந்தாள். டீ விரலில் பட்டதும் நிறுத்தினாள். கவனிக்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். அந்தப் பொண்ணு கவனிக்கிறவள்.

வாசலில் செருப்புப் போடும்போது மெதுவாகக் கேட்டாள். "அங்கிள், ஆன்ட்டிக்கு கண்ணு எப்படி?"

"நல்லா இருக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன். "சரிங்க அங்கிள்," என்று போய்விட்டாள். மறுவாரம் வந்த காகிதத்தில் அடுப்படி பழைய மாதிரியே இருந்தது. மேலே கப்போர்டு இல்லை. கீழே இழுக்கிற பெட்டிகள். கல்லுக்கு நேராக வெள்ளை என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் கருப்புப் பட்டை. மஞ்சள் கறை பிடிக்கும் என்று மகன் சண்டை போட்டான். "பாக்க அழகா இருக்கும்," என்று மட்டும் அந்தப் பொண்ணு சொன்னாளாம்.

இடிப்பதற்கு முதல்நாள் சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஓரிக்கையில் வாடகை வீடு. அடுப்படியில் நானும் அவளும் மட்டும் நின்றோம்.

"அளந்து வெச்சிக்கோங்க," என்றாள்.

"அந்தப் பொண்ணு அளந்துக்கினு போச்சே."

"அவ அளந்தது காயிதத்துக்கு. நீங்க எனக்கு அளங்க."

எனக்கு டேப்பில் கை வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. இன்ச்சு, சென்டிமீட்டர் எல்லாம் குழப்பம். நூலில் வைத்தால் மறக்காது. சேலையில் எந்த இடத்தில் முந்தானை தொடங்க வேண்டும் என்பதை நூலில்தான் அடையாளம் வைப்போம். பாவுப் பட்டு கொஞ்சம் மீதி இருந்தது. ஆறு இழையைச் சேர்த்து முறுக்கினேன். அவள் ஒரு முனையை அடுப்பு மேடைக்குப் பின்சுவரில் வைத்தாள். நான் மறு முனையைத் தொட்டி மேடைக்குப் பின்சுவரில் வைத்து முடிச்சுப் போட்டேன். மேடை உயரத்துக்கு ஒரு நூல். உப்பு அலமாரிக்கு ஒரு நூல்.

அவள் முனையை இறுக்கிப் பிடிக்கவில்லை. கை சுவரில் சும்மா இருந்தது. வேறு கையால் மேடையைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். நூலைப் பார்க்கவில்லை.

நூலை மூங்கில் குச்சியில் சுற்றி வாடகை வீட்டில் ஆணியில் மாட்டினேன். ஐப்பசி மழை முழுக்க அது அங்கேயே தொங்கியது.

சுவர் எழுப்புகிற நாள் நான் போனேன். மேஸ்திரி காகிதத்தை வைத்துக்கொண்டு டேப்பை நீட்டினார். "ஆறடி," என்றார். நான் குச்சியை எடுத்து நூலைப் பிரித்தேன்.

"இன்னாய்யா இது, வீட்ட நெய்யப் போறியா?" என்றார். சித்தாள் பொம்பளைகள் சட்டியை இறக்கிவிட்டுச் சிரித்தார்கள்.

"ஒரு முனையப் பிடி."

பிடித்தார். நான் இழுத்தேன். நாற்பது வருஷக் கை. பாவு தொய்ந்தால் குற்றம். நூல் என்றால் கை தானாக இழுக்கும். விரலால் சுண்டினால் கிண் என்று சத்தம் வர வேண்டும். வந்தது.

"மூணு இன்ச்சு கூட வருதே," என்றார் மேஸ்திரி. "இன்ஜினியரம்மா ஆறடிதான் எழுதியிருக்காங்க."

"நூலுதான் சரி."

"அப்ப டேப்பு பொய்யா?"

"அந்தப் பொண்ணு தப்பா எழுதியிருக்கும். நூலு பொய் சொல்லாது. இதுக்கே கட்டு."

அவர் தோளைக் குலுக்கினார். கட்டினார்.

மேடை வார்த்துச் சுவர் பூசி முடிந்ததும் அவளை அழைத்துப் போனேன். மத்தியானம். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மறுநாள் கல் அறுக்கிற ஆள் வருவதாக இருந்தது. அவள் பையில் சோற்றுப் பானையைக் கொண்டு வந்திருந்தாள். சிமென்டு தொட்டியிலிருந்து பாதிக்கு மேல் தண்ணீர் மொண்டு ஊற்றச் சொன்னாள்.

அடுப்பு மேடை முன்னால் நின்றாள். கையால் விளிம்பைத் தடவினாள். மேடை இடுப்புக்குச் சரியாக வந்தது. வலது கையை நீட்டினாள். உப்பு அலமாரிக் கல் விரலில் பட்டது. "ம்," என்றாள். கண்ணை மூடினாள். இரண்டு கையிலும் துணி பிடித்துப் பானையைத் தூக்கினாள். அப்படியே திரும்பினாள். இறக்கினாள்.

பானை விளிம்பில் தட்டிச் சரிந்தது. தண்ணீர் முழுக்க அவள் வயிற்றிலும் காலிலும் கொட்டியது. பானை தரையில் உருண்டு வாசல் வரை போனது.

பச்சைத் தண்ணீர். அதையே சொல்லிக்கொண்டு நின்றேன். பச்சைத் தண்ணீர்தான். கொதிக்கிற கஞ்சி இல்லை.

அவள் ஈரப் புடவையோடு கையை நீட்டி விளிம்பைத் தேடினாள். விரலை மடக்கி அளந்தாள்.

"நாலு விரலு," என்றாள். "நாலு விரலு தள்ளிப் போயிருக்குது. எப்பிடி?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அங்கே தொய்வாக அளந்தேன். இங்கே இழுத்து அளந்தேன். முறுக்கிய பட்டு, மழை ஈரத்தில் தொங்கிய பட்டு, இழுத்தால் கொடுக்கும். இது நெசவுக்காரன் வீட்டுக் குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. அந்தப் பொண்ணு எழுதியதுதான் சரி.

"என் தப்பு," என்றேன்.

அவள் புடவையைப் பிழிந்தாள்.

பொறுமையாக யோசித்தேன். சுவரை இடிக்க வேண்டாம். தொட்டி மேடைக் கல்லை நாலு விரல் முன்னால் நீட்டிப் போட்டால் போதும். கல் இன்னும் அறுக்கவில்லை. நாளைக்குள் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

சாயந்திரம் மகனும் அந்தப் பொண்ணும் கல்லுக்கு அளவு எடுக்க வந்தார்கள். என் மனைவியின் புடவை இன்னும் காயவில்லை. மகன் அதைப் பார்த்தான். நான் அதற்குள் சொன்னேன்.

"பின்னால கல்லு நாலு விரல் நீட்டிப் போடணும்."

"எதுக்குப்பா? நல்ல வேளையா தப்பா அளந்து கொஞ்சம் எடம் கெடச்சிருக்குது. அதையும் அடைக்கறீங்களா?"

"நீட்டிப் போடு."

"நாளைக்கு வரப்போறவளும் இங்கதான் நிக்கணும். ரெண்டு பேரும் இடிச்சிக்கினு நிக்கட்டும்னா?"

"போடுன்னா போடு."

"காரணம் இல்ல, இல்ல?" அவன் குரல் ஏறியது. "அன்னிக்கும் காரணம் இல்ல, இன்னிக்கும் இல்ல. நான் இன்னா வாடகைக்கு இருக்கறவனா? எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? சொல்லுங்க. சொன்னா போடறேன். இல்லன்னா நாளைக்கு வர்ற கல்லு காயிதத்துல இருக்கற மாதிரிதான் ஒக்காரும்."

நான் சுவரைப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தவன் நான். சொல்லாவிட்டால் என்றைக்காவது கொதிக்கிற கஞ்சி. சொன்னால் அவள் அடுப்பு போனது. இரண்டில் எதை எடுப்பது என்று நின்றேன். அந்தப் பொண்ணு டேப்பைச் சத்தம் வராமல் சுருட்டினாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவளும் சொல்லவில்லை.

"எனக்குக் கண்ணு தெரியலடா," என்றாள் என் மனைவி.

சட்டென்று சொல்லிவிட்டாள். புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். "கண்ணாடி மாத்தணுமா?"

"கண்ணாடி இல்ல. நேரா மட்டும்தான் தெரியுது. அதுவும் கொறஞ்சிக்கினு வருது. இங்க கை கணக்குதான். கை கணக்குல நாலு விரலு தப்பிப் போச்சு. மத்தியானம் பானைய உட்டுட்டேன்."

அவன் தரையில் இருந்த ஈரத்தைப் பார்த்தான். பானையைப் பார்த்தான்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசம் ஆவப் போவுது."

"அன்னிக்குத் திருமுக்கூடல்னு போனீங்களே."

"ஆஸ்பத்திரி."

அவன் என்னிடம் திரும்பினான். "நான் ஒரே பையன்ப்பா," என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு அவள் பயந்ததைச் சொன்னான். "நீ இனிமே அடுப்பு பத்த வெக்காதம்மா. ஆளு வெச்சிக்கலாம். கெரகப்பிரவேசத்துக்குப் பாலு மாமி வந்து காச்சட்டும்."

மாமி என்றால் மச்சான் மனைவி. என் மனைவி நிமிர்ந்தாள்.

"எதுக்குடா எங்க அண்ணி? என் வீட்ல பாலு நான் காச்சுவேன்."

"அம்மா, கை நடுங்குனா, தப்பிப் போனா…"

"இப்பத் தப்பிப் போனது உங்கப்பன் நூலு. என் கையி இல்ல."

அந்தப் பொண்ணு அப்போதுதான் பேசினாள். "சார், கல்லு நாலு விரல் நீட்டினா கீழ ஒரு இரும்பு ஆங்கிள் அடிச்சிடலாம். நிக்கும். விளிம்புல கருப்புப் பட்டை வருது. ஆன்ட்டிக்கு அது தெரியும். ஓரத்தை உருட்டிக் குடுக்கச் சொல்றேன், இடிச்சாலும் வலிக்காது." வேலைக்காரர்களிடம் சொல்வது போலவே சொன்னாள். எந்தப் பரிதாபமும் இல்லை. எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது.

"போடுங்க மேடம்," என்றான் மகன். வேறு எங்கோ பார்த்துச் சொன்னான். பாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கல் உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவன் என்னோடு பேசுவது நின்றது. சாப்பிடுவான், போவான். அம்மாவிடம் மட்டும் பேசுவான். அதுவும் "பாத்து", "மெதுவா", "இரு நான் எடுக்கறேன்". அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாடகை வீட்டு அடுப்படியில் அவன் இருக்கும்போது அவள் நுழையவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் வாங்கி வந்தான். நாங்கள் மூன்று பேரும் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். யாரும் நல்லாயிருக்கிறது என்று சொல்லவில்லை.

கிரகப்பிரவேச நாள் வந்தது. விடிகாலையில் ஓமம் முடிந்தது. வீடு முழுக்க ஜனம். பெண் வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். ஐயர் பால் காய்ச்சலாம் என்றார். மச்சான் மனைவி புடவையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். மகன் சொல்லி வைத்திருக்கிறான்.

அதற்குள் என் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். பால் பானை அவள் கையில் இருந்தது.

மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினான். நான் அவன் பின்னால் போனேன். அவள் அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். தீப்பெட்டி வேண்டாம், திருகினால் பற்றுகிற அடுப்பு. திருகினாள். பற்றியது. பானையை வைத்தாள். அவன் அவள் பக்கத்தில் போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான், விழுகிற குழந்தையைப் பிடிக்கிற மாதிரி.

"தள்ளுடா," என்றாள். "வெளிச்சத்த மறைக்கற."

அவன் அசையவில்லை.

"பாலு பொங்கறது தெரியல. தள்ளு."

வெளியே பொம்பளைகள் பாலைப் பார்க்க முண்டிக்கொண்டு வந்தார்கள். பெண்ணின் அம்மா, பெரியம்மா, யார் யாரோ. அத்தனை பேரும் அந்தச் சந்துக்குள் வந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஒரு முழங்கை போதும்.

அவன் பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்தான். திரும்பி நின்று இரண்டு கையையும் நிலையில் ஊன்றினான்.

"இங்கேர்ந்து பாருங்க," என்றான். "உள்ள எடம் இல்ல."

"இன்னாப்பா இது, மாமியார் வீட்டுக்காரங்களையே நிறுத்தற?" என்று யாரோ கேட்டார்கள். சிரித்தார்கள். அவன் கையை எடுக்கவில்லை. அவன் கைக்குக் கீழே குனிந்து நான் உள்ளே பார்த்தேன்.

பால் பொங்கியது. அடுப்பில் வழிந்து சுர் என்றது. கிழக்கே பொங்கியதா, வடக்கே பொங்கியதா என்று மச்சான் பின்னாலிருந்து கத்தினார். அவள் துணி பிடித்துப் பானையைத் தூக்கினாள். அவள் கண் மூடியிருந்ததா என்று முதுகுப்பக்கம் இருந்து தெரியவில்லை. திரும்பினாள். இறக்கினாள்.

கல்லில் பானை உட்காரும் சத்தம் கேட்டது. டொக். மகன் கை நிலையில் தளர்ந்தது.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. மருமகள் வந்துவிட்டாள். அவளும் வேலைக்குப் போகிறாள். பகலில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். மகன் என்னோடு பேசுகிறான், முன்னைப்போல் இல்லை. கம்பெனியிலிருந்து பதினோரு மணிக்கு ஒரு போன் செய்வான். "அம்மா இன்னா பண்றாங்க?" என்பான். சமைக்கிறாள் என்பேன். வைத்துவிடுவான்.

குழல் இன்னும் குறுகிவிட்டது என்கிறாள். இப்போது அந்தக் கருப்புப் பட்டைகூட வெயில் நேரத்தில்தான் தெரிகிறதாம். ஆனால் கஞ்சி வடிப்பது அவள்தான். தாளிப்பது அவள்தான்.

கூடத்தில் என் தறி. நடுவில் சுவர். அவள் சோறு இறக்குகிற நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நாடாவை மடியில் வைத்துவிட்டுத் தறியை நிறுத்துவேன். டொக் என்று கேட்டதும் மறுபடி மிதிப்பேன்.